பிஜிசெர்ட் படிப்பை லேசாக எடுக்காதீர்கள், தம்பி

அம்மாபேட்டைத் தம்பிக்கு வணக்கம். இங்கிலாந்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது, அதோடு 'எல்லா மாணவரையும் சமமாகச் சேர்த்துக் கற்பித்தல்' பற்றிய பிஜிசெர்ட் (முதுநிலைச் சான்றிதழ்) படிப்பும் கட்டாயமாம். சேலத்தில் இத்தனை வருடம் பாடம் எடுத்தவனுக்கு இது எதற்கு, சும்மா முடித்துவிடலாமா, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஊருக்கு ஊர் மாறும். கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பல பல்கலைக்கழகங்களில் பிஜிசெர்ட்டை முடித்தால்தான் புரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடிந்து வேலை உறுதியாகும். பெரும்பாலும் 60 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளி. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் உயர்கல்விக் கற்பித்தலுக்கான அட்வான்ஸ் எச்.இ. அமைப்பின் ஃபெல்லோ தகுதியும் கிடைக்கும். இதற்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்பதைச் சேரும் முன்பே துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு வாய்ப்பேச்சாகச் சொன்னார்கள். முதல் வருடம் முழுக்க சனி, ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை.

நான் வந்த புதிதில் நம்மூர்க்காரர் ஒருவர், "அதெல்லாம் வெள்ளைக்காரன் சடங்கும்மா, பழைய ஆள் எழுதினதை வாங்கி மாத்திப் போடு" என்றார். இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் இதையே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டாலே கோபம் வருகிறது. பிடிபட்டால் வேலை போகலாம், அதை நம்பியிருக்கும் விசாவும் போகலாம். தவிர, இந்தப் படிப்புக்காக நீங்கள் பாடம் எடுப்பதை ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து எழுதுவார். அதை இரவல் வாங்க முடியாது.

இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறன் மாணவருக்குத் தேவையானதைச் செய்வது தயவு இல்லை, கடமை. அவர் வந்து கேட்கும்வரை காத்திருப்பதும் கூடாது, முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். ஸ்லைடுகளை வகுப்புக்கு முன்பே ஏற்றிவைக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். பதிவான பாடத்துக்கு மென்பொருள் தானாகப் போட்ட எழுத்து வசனத்தில் என் சேலத்து உச்சரிப்பு கந்தலாகியிருக்கும், சூத்திரங்களின் பெயர்கள் எல்லாம் வேறு ஏதோவாக இருக்கும். மாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்துவேன். தேர்வுக்கு அவள் அதை வைத்துத்தான் படித்தாள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதியா? சேலத்தில் நான் பாடம் எடுத்தபோது ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி பஸ் வந்துசேர்வதற்குள் முதல் மணி அடித்துவிடும். வாசலில் நிற்கவைப்பார்கள், வருகைப்பதிவும் போய்விடும். அதில் தமிழ் வழியில் படித்துவந்த ஒருத்தி வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னால் முதல் விடை அவளுடையதுதான். அதனால் வாரத்துக்கு ஒரு கேள்வியைச் சீட்டிலேயே வைத்தேன். முதல் மணியில் புதுப் பாடம் தொடங்காமல் பழையதைத் திருப்பிப் பார்ப்போம்.

என் பிஜிசெர்ட் கட்டுரையை அவளை வைத்துத்தான் எழுதினேன். அந்தச் சீட்டு முறையை என் துறையில் இப்போது மற்றவர்களும் வைத்திருக்கிறார்கள். நீங்களும் கிளம்புவதற்கு முன் உங்கள் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், ஏன் திறப்பதில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆனால் அவர்கள் பெயர்களை எழுத வேண்டாம். முதல் கட்டுரை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.