வெயிலே படாத ஆழ்கடலில் பவளம் எப்படி வாழ்கிறது? கடல் சூடானால் அதற்கும் ஆபத்தா?

மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துப்போன செய்தியைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறிவிடுகிறது, அதனால் வெளுக்கிறது. ஆழ்கடல் குளிர்நீர்ப் பவளத்துக்கு அந்தப் பாசியே கிடையாது. போதாக்குறைக்கு அதில் ஒரு வகை பிறவியிலேயே வெள்ளை! அதனால் வெளுக்குமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன்னால், அங்கே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கேட்க வேண்டும். நான் இதை ஒரு முட்டாள்தனம் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

மேற்படிப்பின்போது நார்வேயில் கடற்கரை ஆய்வுக்கூடம் ஒன்றில் சில மாதங்கள் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தொட்டியில் இருந்தது லோஃபீலியா என்ற ஆழ்கடல் குளிர்நீர்ப் பவளம். அறிவியல் பெயரை டெஸ்மோஃபில்லம் பெர்ட்யூசம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் அங்கே எல்லோர் வாயிலும் பழைய பெயர்தான். ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்) ஆழத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர் 7, 8 டிகிரியில் இருக்கும். கையை விட்டால் ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். கிளையின் நுனியில் விரல் நகம் அளவில் ஒவ்வொரு பாலிப்பும் (பவளம் என்பது இந்தக் குட்டி உயிர்களின் கூட்டம்தான்) கண்ணாடி போன்ற உணர்கொம்புகளை விரித்துக் காத்திருக்கும். தீனி ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். நம்மூர் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் போடுகிறார்களே, அதேதான். பொரித்த குஞ்சுகளை ஊற்றியதும், ஒன்று கொம்பில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கொம்பு மெதுவாக மடங்கி அதை வாய்க்குக் கொண்டுபோகும். பார்த்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது.

‘ஓட்டம் கூடினால் தீனி கூடும், பவளம் கொழிக்கும்’ என்று நானே முடிவு செய்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை பம்பைக் கூட்டி வைத்துவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வடிகட்டி வலை முழுக்க ஆர்ட்டீமியா. கொம்புகள் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரே பக்கமாகக் கிடந்தன. தீனி பக்கத்தில் வந்தாலும் பிடிக்க முடியவில்லை. வினாடிக்கு 2.5 சென்டிமீட்டர் ஓட்டத்தில் பிடிக்கும் அளவுக்கு 5 சென்டிமீட்டரில் பிடிப்பதில்லை என்று ஏற்கெனவே சோதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. உண்மையான கடலில் இந்தப் பவளம் வளரும் இடங்களில் ஓட்டம் இதைவிடப் பல மடங்கு வேகமாயிற்றே? அதற்கு விடை, பவளக் கிளைகள் பின்னிப் பின்னி உண்டாக்கும் புதர்தான். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு அப்பால் 2002இல் கண்டுபிடித்த ரோஸ்ட் பவளத்திட்டு சுமார் 35 கிலோமீட்டர் நீளம், 300 முதல் 400 மீட்டர் ஆழம். இப்படிப்பட்ட திட்டுகளில் உயிருள்ள பவளம் மேல்தட்டில் மட்டும்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த செத்த கிளைகள். வேகமான ஓட்டம் தீனியைக் கொண்டுவந்து சேர்க்கிறது, புதர் அந்த வேகத்தை உடைத்துப் பாலிப்புக்கு ஏற்றபடி தணிக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாது.

தீனி வரும் வழியும் இடத்துக்கு இடம் வேறு. ஸ்காட்லாந்தின் மிங்குலே திட்டில் கடல் ஏற்றவற்றத்தின்போது மேல்மட்டத் தண்ணீர் அப்படியே கீழே இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் பவளத்தை எட்டிவிடுகிறது, மேலே விளைந்த மிதவை உயிரிகளோடு. சூரியனைப் பார்க்காத உயிர் என்று சொன்னாலும் அது சாப்பிடுவது வெயிலில் விளைந்ததைத்தான்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். லோஃபீலியா பெரும்பாலும் 4 முதல் 12 டிகிரி வரையுள்ள நீரில் இருக்கிறது. நார்வே - சுவீடன் எல்லைக்கருகே டிஸ்லர் திட்டில் 2006, 2008 ஆண்டுகளில் தண்ணீர் திடீரென்று சூடானபோது கடற்பஞ்சுகள் கூட்டமாகச் செத்தன, பவளம் தப்பித்துக்கொண்டது. அங்கோலா கடலில் இன்னும் ஆச்சரியம். அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு, சூடும் 14 டிகிரி வரை போகிறது, ஆனாலும் திட்டுகள் செழிப்பாக இருக்கின்றன. காரணம், தீனி தாராளம். வயிறு நிறைந்தால் மற்ற கஷ்டங்களைத் தாங்குகிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே என் பயம் வேறு இடத்தில். தண்ணீர் சூடானால் பாலிப்புக்குப் பசி கூடும். அதே சமயம் மேல்மட்ட நீர் சூடாகி லேசாகிவிட்டால் கீழ்நீரோடு கலப்பது குறையும், கீழே இறங்கும் தீனியும் குறையும்.

கடல் அமிலமாவது இதைவிட மோசம் என்பது என் கருத்து. இந்தப் பவளத்தின் கூடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு. கரியமில வாயு கரையக் கரைய, அரகோனைட் கரையத் தொடங்கும் ஆழம் மேலே ஏறி வருகிறது. வட அட்லாண்டிக்கில் அது 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. வட பசிபிக்கிலோ சில இடங்களில் 50 மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே பெரிய லோஃபீலியா திட்டுகள் காணப்படாததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

உயிருள்ள பவளம் சமாளிக்கும். கூடு கட்டும் இடத்தில் உள்ள நீரின் அமிலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, ஆனால் அதற்கும் தெம்பு செலவாகும், மறுபடி தீனிக் கணக்குதான். செத்த கிளைக்கு அந்த வசதி இல்லை. மேலே மூட சதை கிடையாது. ஒரு வருடம் அமில நீரில் வைத்துப் பார்த்தபோது, உயிருள்ள பகுதி வளர்ந்துகொண்டிருந்தது, செத்த கூடு மட்டும் பலமிழந்தது. 2020இல் வந்த ஆய்வு ஒன்று இதை எலும்புப்புரை நோயோடு ஒப்பிட்டது. வெளியே உருவம் மாறாது, உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். திட்டின் பெரும்பகுதி செத்த கிளைதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அடிப்பகுதி நொறுங்கினால், மேலே உயிரோடு இருப்பதும் சேர்ந்துதான் சரியும். (இழுவலை இதையே ஒரு நாளில் செய்துவிடும். நார்வேயில் திட்டுகளில் 30 முதல் 50 சதவீதம் அப்படிச் சேதமானதாக ஒரு மதிப்பீடு உண்டு.)

புதர் போய்விட்டால் ஓட்டத்தைத் தணிக்க ஆளில்லை. மிச்சமிருக்கும் பாலிப்புகள், நான் பம்பைக் கூட்டி வைத்த அந்த இரண்டு நாள் தொட்டி மாதிரி, பக்கத்தில் போகும் தீனியைப் பார்த்துக்கொண்டு சாய்ந்து கிடக்கும்.