பூட்டிய அருங்காட்சியகத்துக்குப் பணம் எதற்கு?

கேள்வி: தண்ணீர் புகுந்து திடீரென்று மூடிவிட்ட ஒரு அருங்காட்சியகத்துக்கு அரசு மானியம் தரப்போகிறது என்று படித்தேன். பார்க்க ஆளே வராத கட்டடத்துக்கு வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? திறந்த பிறகு கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. திறந்த பிறகுதான் பணம் என்றால் பல இடங்களில் திறக்கவே முடியாமல் போய்விடும்.

கதவைப் பூட்டிய அன்றே டிக்கெட் பணம் நின்றுவிடும், அரங்க வாடகை நின்றுவிடும், ஆனால் செலவு அப்படியேதான் இருக்கும். காவலர் சம்பளம், இன்சூரன்ஸ், பூச்சி அரிக்காமல் பார்ப்பது, ஓவியமும் துணியும் மரச்சிற்பமும் இருக்கிற அறைகளில் ஈரப்பதம் ஏறாமல் காக்கும் இயந்திரத்துக்கான மின்சாரம், இவற்றில் எதையும் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. தண்ணீர் புகுந்த இடம் என்றால் செலவு இன்னும் கூடும். நனைந்த காகிதத்திலும் துணியிலும் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் உலர்த்த வேண்டும், முடியாவிட்டால் உறைய வைத்துவிட வேண்டும். உறைந்த ஏட்டைப் பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். ஆக, பணம் தேவைப்படுவது இரண்டாவது நாளில். மானியமோ விண்ணப்பம், குழு, கையெழுத்து என்று பல மாதம் கழித்து வருகிறது. அந்த இடைவெளியில் அழிவதை எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

கேள்வி: நிர்வாகத்தின் அலட்சியத்தால் மூடியிருந்தால்? அதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டுமா?

பதில்: நியாயமான கோபம். தவறு செய்தவரை விசாரிக்கட்டும், கணக்குக் கேட்கட்டும். ஆனால் உள்ளே இருக்கிற பொருள் நிர்வாகியுடையது இல்லை, நம்முடையது. தண்டனை அதற்குப் போய்ச் சேரக்கூடாது.

அலட்சியம் என்று நாம் சொல்வதன் பின்னால் பல நேரம் வராத பணமும் இருக்கிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1818ல் தொடங்கியது, ஏறக்குறைய 2 கோடி பொருள்கள் அங்கே இருந்தன. பராமரிப்புப் பணம் பல ஆண்டுகளாகக் குறைத்துக் குறைத்துத்தான் வந்தது. கடைசியில் 200வது ஆண்டில், 2018 ஜூனில், அரசு வளர்ச்சி வங்கி 2 கோடியே 17 லட்சம் ரியால் தருவதாக ஒப்பந்தம் போட்டது. தீத்தடுப்பு வேலையும் அதில் அடக்கம். செப்டம்பர் 2 இரவு கட்டடம் எரிந்தது. அரங்கத்தில் இருந்த ஒரு ஏசியில் தொடங்கிய தீ என்று போலீஸ் விசாரணை சொன்னது. பக்கத்தில் இருந்த தீயணைப்புக் குழாய்களில் போதுமான தண்ணீர் இல்லை. 5 டன்னுக்கு மேல் எடையுள்ள பெண்டெகோ விண்கல் தீயைத் தாங்கி நின்றது. பதிவு செய்து வைத்திருந்த பழங்குடி மொழிகளின் ஒலிநாடாக்கள் தாங்கவில்லை. அந்த ஒப்பந்தம் சில வருடங்கள் முன்னால் கையெழுத்தாகியிருந்தால் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

கேள்வி: மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி... யார் கொடுக்க வேண்டும்?

பதில்: யார் கொடுத்தாலும் சரி, ஆனால் அது இன்னார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். போஸ்னியாவின் சராயேவோவில் 1888ல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகம் இரண்டு உலகப் போர்களையும், 1990களின் போஸ்னியப் போரில் நகரத்தைச் சூழ்ந்த முற்றுகையையும் கடந்து வந்த இடம். 2012 அக்டோபரில் அதன் வாசலில் பலகை அடித்து மூடினார்கள். காரணம் குண்டு இல்லை. அந்த 1990களின் போருக்குப் பிறகு வந்த ஆட்சி அமைப்பில் அந்த அருங்காட்சியகத்துக்கு எந்த அரசு பொறுப்பு என்று தெளிவாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். மூடியிருந்த மூன்று வருடமும் ஊழியர்கள் சம்பளம் இல்லாமலே வந்து உள்ளே இருந்ததைப் பார்த்துக்கொண்டார்கள், 14ஆம் நூற்றாண்டின் யூதப் பிரார்த்தனை ஏடான சராயேவோ ஹகாதா உட்பட. 2015ல் பொதுமக்கள் திரண்டு வந்து அவர்களோடு முறை போட்டுக் காவல் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பல நிலை அரசுகளும் ஆளுக்கொரு பங்கு தர ஒப்புக்கொண்டன, செப்டம்பரில் கதவு திறந்தது.

கேள்வி: சரி, கொடுப்பது என்று ஆகிவிட்டது. எப்படிக் கொடுத்தால் வீணாகாது?

பதில்: முதலில், முன்பணமாகக் கொடுக்க வேண்டும். "செலவு செய்து பில் கொண்டு வா, திருப்பித் தருகிறோம்" என்கிற மானியம் வருமானமே இல்லாத இடத்துக்கு உதவாது, "பாதி நீ போடு, பாதி நான் போடுகிறேன்" என்பதும் அப்படித்தான். அப்புறம் சம்பளம். கூரைக்கும் புதுக் கண்ணாடிப் பேழைக்கும் பணம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த காப்பாட்சியரையும் உதவியாளரையும் அனுப்பிவிட்டால் அந்த அறிவைப் புதுக் கட்டடம் கொண்டுவராது. 2020ல் கொரோனாவால் உலகத்தின் அருங்காட்சியகங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் மூடியபோது பிரிட்டன் கலை, பண்பாட்டு அமைப்புகளுக்காக 157 கோடி பவுண்டு ஒதுக்கியது. அருங்காட்சியகங்களும் அதில் அடக்கம். அன்றாடச் செலவுக்கும் அதில் பணம் கிடைத்தது, அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நிபந்தனையும் வேண்டும், தாராளமாக. தீத்தடுப்பு ஆய்வு, பொருள்களின் முழுப் பட்டியல், அதன் ஒரு பிரதி வேறு கட்டடத்தில், செலவுக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு. நீங்கள் சொல்லும் அருங்காட்சியகத்தின் மானிய அறிவிப்பு கையில் கிடைத்தால் இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள், சம்பளத்துக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மக்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்னாலேயே.