நாற்காலியில் பத்து முறை: சின்னப் பழக்கங்கள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கில் பிசியோதெரபி பணியில் இருக்கிறேன். தினசரிப் பழக்கங்கள், உடற்பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். இரவு வேலை என்றால் நான் வீடு திரும்பவே எட்டு மணி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். எந்த ஷிப்ட் ஆனாலும் வேலைக்குக் கிளம்பும் முன் குளிக்கிறீர்கள் அல்லவா? அதோடு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டை எடுக்கும் முன் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். அவ்வளவுதான். 'இது நடக்கும்போது இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள், வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் 1990களிலேயே இதைக் காட்டின. இரவு வேலை முடிந்து வந்த காலையில் மட்டும் எதுவும் வேண்டாம், தூங்குங்கள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு நடைப்பயிற்சி செய்யும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். மூன்று வாரம் ஓடினேன், இன்னும் தினமும் மனத்தோடு போராட்டம்தான். நடுவில் தீபாவளிக்கு விட்டும் போயிற்று. (மாணவர், செந்தூல்)

அந்த 21 நாள் கணக்கு உடற்பயிற்சியிலிருந்து வந்ததே அல்ல. அறுவை சிகிச்சையில் முகம் மாறிய நோயாளிகள் புதிய தோற்றத்துக்குப் பழக குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே உங்கள் மன உறுதியில் குறை ஒன்றும் இல்லை, தம்பி. நாளைக்கு ஓடுங்கள்.

வயது 68. சர்க்கரை இருக்கிறது, முட்டி வலியும் உண்டு. நண்பர்கள் தினமும் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? (ஜெலுத்தோங்)

இப்போதைக்கு வேண்டாம், ஐயா. 513 படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். முருகனை விசேஷ நாளில் நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். தினசரி நடைக்கு அதே சாலையில் இருக்கும் தாவரவியல் பூங்காவின் சமதளப் பாதை போதும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிட நடை. வாசலிலேயே நடக்கலாம். சாப்பிட்டதும் தசைகள் வேலை செய்தால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை எடுத்துக்கொள்ளும். மூன்று வேளை சேர்ந்தால் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி.

முட்டிக்கு நாற்காலிப் பயிற்சி. தொடைத் தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். பல் துலக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சற்று நில்லுங்கள். இந்த வயதில் விழாமல் இருப்பதும் பெரிய காரியம். இன்சுலின் போடுபவராக இருந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட, சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். நடந்து வந்ததும் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

புகைமூட்டக் காலத்தில்? (கிள்ளான் சாலை)

காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள் செய்யுங்கள்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்கிறார் கணவர். (பிரிக்பீல்ட்ஸ்)

பாதி உண்மை. கூட்டுவது, துடைப்பது எல்லாம் உடல் அசைவுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சி தேவை, அது பாத்திரம் கழுவுவதில் கிடைக்காது. ஓய்வும் கிடைக்காது. இரவுப் பாத்திரங்களை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கால் மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு நாலு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்). விட முடியவில்லை. (பட்டர்வொர்த்)

உங்களை இழுப்பது பாலும் சீனியும் மட்டுமல்ல, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) காத்திருக்கும் நண்பர்களும்தான். கடைக்குப் போவதை நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். போங்கள், உட்காருங்கள், ஆர்டரை மட்டும் மாற்றுங்கள். முதலில் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக), பிறகு 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). மாலைக் கிளாஸில் தொடங்குங்கள், காலைக் கிளாஸை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.