ஸ்டெதாஸ்கோப்புக்காக நகையை அடகு வைக்க வேண்டாம், ஐயா

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் உங்கள் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால், வகுப்பு தொடங்குமுன் லிட்மன் கார்டியாலஜி 4 ஸ்டெதாஸ்கோப் வாங்கித் தர நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

முதலாண்டுப் பாடங்கள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். அந்த ஆண்டில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பெரும்பாலும் உடலியங்கியல் செய்முறையில்தான் வேலை. சக மாணவியின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை மெல்ல இறக்கி, முழங்கை மடிப்பில் ஒலி எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று கவனித்து இரத்த அழுத்தத்தைக் குறிப்பார்கள். இதற்குச் சாதாரணக் கருவியே போதும்.

வார்டுக்குப் போகத் தொடங்கும்போது நல்லதாக ஒன்று தேவைப்படும். அப்போதும் லிட்மன் கிளாசிக் 3 போன்ற நடுத்தர வகையே எம்.பி.பி.எஸ். முடியும்வரை தாங்கும். பெயர் எதுவானாலும் மகளையே காதில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குழாய்கள் மூக்கின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் சரியாகக் கேட்காது. காதுமுனை மெத்தென்று பொருந்தி வெளிச்சத்தத்தை அடைக்க வேண்டும்.

ஒலியைப் பிடித்துத் தருவதுதான் கருவியின் வேலை. அது என்ன ஒலி என்று அறிவது காதின் பழக்கம். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை நம் அரசு மருத்துவமனைகளில் அவள் நிச்சயம் பார்ப்பாள். அந்த வால்வின் உறுமல் மிகத் தாழ்ந்த ஒலி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 'பெல்' எனப்படும் கிண்ணப் பக்கத்தைப் பட்டும் படாமலும் வைத்தால்தான் அது கேட்கும். அழுத்தினால் அடியிலுள்ள தோலே விறைத்து, அந்தத் தாழ்ந்த ஒலியை மறைத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கைப்பக்குவம் கடையில் கிடைக்காது. பத்து நோயாளிகளிடம் கேட்டும் பிடிபடாமல், பதினோராவது நோயாளியிடம் பிடிபடலாம்.

லிட்மன் பெயரில் போலிகள் நிறைய விற்கின்றன. பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கி, கருவியில் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்கழுத்தில் போட்டால் வியர்வையும் எண்ணெயும் பட்டுக் குழாய் நாளடைவில் விறைத்துப்போகும்; சட்டைக் காலரின் மேல் படும்படி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது கட்டாயம்.

இப்போது கையில் இருக்கும் பணத்தில் இரண்டு வெள்ளைக் கோட்டும், உடற்கூறியல் அறுவைப் பெட்டியும், விடுதிக்கு வேண்டியவையும் வாங்குங்கள். எலும்புத் தொகுப்பையும் பாடநூல்களையும் மூத்த மாணவிகளிடம் பாதி விலைக்குக் கேட்டுப் பார்க்கட்டும், கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல ஸ்டெதாஸ்கோப்பை அடுத்த ஆண்டு அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.