சிவப்புச் சிலுவைத் தொப்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,
போர்க்கால மருத்துவப் பிரிவுத் தலைக்கவசங்களைச் சேகரித்து வருகிறேன். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், வெள்ளை வட்டத்துக்குள் சிவப்புச் சிலுவை வரைந்த பிரிட்டிஷ் கவசம் ஒன்றைப் பார்த்தேன். 1941 குண்டுவீச்சில் இங்கே பயன்பட்டது என்று 900 ரிங்கிட் கேட்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? துருவைத் தேய்த்துப் புதுச் சாயம் பூசலாமா? இறந்தவர் பொருள் வீட்டுக்கு ஆகாது என்கிறார் அம்மா.
வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

அம்மாவை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ளுங்கள். சாயம் பூசும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். உப்புத்தாளைக் கையில் எடுத்தீர்கள் என்றால் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அந்தத் துருதான் சாட்சி. சிலுவையின் சிவப்பு துருக்குழிகளுக்குள் இறங்கிப் படிந்திருந்தால், துருப்பிடித்த பிறகு யாரோ விற்பனைக்காக வரைந்திருக்கிறார்கள். சாதாரணத் தொப்பியில் சிலுவை வரைந்து விலையை ஏற்றுவது இந்தச் சந்தையின் பழைய வித்தை. விளிம்பின் அடியில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். 1942 என்றோ அதற்குப் பிந்தைய ஆண்டோ இருந்தால் பினாங்குக் கதை பொய். நீங்கள் தேய்த்தால் அத்தனையும் போய்விடும்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மக்கள் ஜப்பானிய விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றார்கள். அவர்கள் தலையில்தான் குண்டு விழுந்தது. சில நாட்களில் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகத் தீவை விட்டு வெளியேறினார்கள். காயம்பட்டவர்களோடு இங்கேயே இருந்தவர்கள் நம் ஊர் மருத்துவர்களும் தாதியரும்தான். அவர்களில் ஒருவர் பெயரையாவது தேடியிருக்கிறீர்களா?

என் பெரியப்பா கெடாவில் தோட்டத்து டிரெஸர், அதாவது தோட்ட மருத்துவமனையின் மருத்துவ உதவியாளர். 1943இல் ஜப்பானியர்கள் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை வேலைக்கு. தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. திரும்பி வந்த பெரியப்பா, தன் கண்முன் செத்தவர்களின் பெயரையும் தோட்டத்தையும் நினைவிலிருந்து எழுதி வைத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்த 555 குறிப்பேட்டில், பென்சிலால். ஊர் தெரியாதவர்களுக்கு உடல் அடையாளம்: 'இடது காதில் கடுக்கன்', 'மூக்கில் தழும்பு'. அவர் கருமாதி முடிந்த கையோடு, பழைய செய்தித்தாளோடு அதையும் எடைக்குப் போட்டார்கள் எங்கள் வீட்டார். படித்தவர்கள்! இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவர் தலையில் எந்தத் தொப்பியும் இருந்ததில்லை. அதனால் எந்தச் சேகரிப்பாளரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

உங்கள் ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த வயதில் இதற்காக வெயிலில் அலைபவர்கள் எத்தனை பேர்? ஆனால் அந்த அலைச்சலில் பாதியையாவது பழைய டிரெஸர், தாதியர் வீடுகளுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்வதற்குள் போய்ச் சேருங்கள்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த வீட்டிலிருந்து வந்தது? பதில் சொல்ல மறுத்தால் 900 வேண்டாம், 90 ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். சொன்னால், தொப்பியை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.