கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராததற்கு டேங்க் காரணமில்லை

வணக்கம் சகோ. 30,000 லிட்டர் டேங்க் தினமும் நிரம்புகிறது, மேட்டிலிருக்கும் உங்கள் கடைசித் தெருவில் மட்டும் நூல் மாதிரி வருகிறது, இன்னொரு டேங்க் கேட்டு மனு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஊரில் 500 பேர் என்கிறீர்கள். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், மொத்தம் 27,500. டேங்க் போதும், கோளாறு பங்கீட்டில்தான்.

எனக்கு முதல் சந்தேகம் மோட்டார். தண்ணீர் விடும் நேரத்தில் உங்கள் குழாயைத் திறந்து, அதன் வாயில் உள்ளங்கையை வையுங்கள். குழாய் கையை உள்ளே இழுத்தால் பெரும்பாலும் யாரோ லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். கரண்ட் போனதும் தண்ணீர் நன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம். தயவுசெய்து இதைச் சும்மா விடாதீர்கள். அந்த உறிஞ்சலில் குழாய் வெடிப்பு வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும், குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று டேங்க் ஆபரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டார் இல்லையென்றால் வால்வு. எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் பள்ளத்துத் தெருவே முழுவதையும் வாங்கிக்கொள்ளும். டேங்க் மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும். அதனால் நிறைந்திருக்கும்போதே மேட்டுத் தெருவுக்கு முதலில் விடவேண்டும். தெருவாரியாக கேட் வால்வு (அந்தத் தெருவுக்கு மட்டும் தண்ணீரைத் திறந்து மூடும் அடைப்பான்) இல்லையா? கிராம சபையில் அதைக் கேளுங்கள். புது டேங்கைவிடச் செலவு மிகக் குறைவு.