வாசகர் கேள்வி: தவக்காலமும் இறையுறவும்

கேள்வி: தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவ நாள்களில்) இறைச்சியைத் தவிர்க்கிறேன், ஆயினும் கடவுளை நெருங்கிய உணர்வு ஏற்படவில்லையே? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 18 முதல் 59 வயது வரையுள்ள கத்தோலிக்கர் கட்டாயமாக நோன்பிருக்க வேண்டிய நாள்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே என்பதிலிருந்தே, உணவைக் குறைப்பது மட்டும் தவமாகாது என்பது விளங்கும். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் அறச்செயல், இறைவேண்டல், நோன்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசுகிறது. தாங்கள் மூன்றாவதோடு நின்றுவிட்டீர்கள் எனத் தோன்றுகிறது. வேலைக்குச் செல்லும் எம்ஆர்டி ரயில் பயணத்தில் அன்றைய நற்செய்திப் பகுதியை மெதுவாக வாசித்து, மனத்தில் தைத்த ஒரு வரியைப் பற்றி ஆண்டவரிடமே பேசிப் பாருங்கள். அழகான சொற்கள் தேவையில்லை, சலிப்பையும் கோபத்தையும்கூடச் சொல்லலாம். இறைச்சி வாங்காததால் மிச்சமாகும் பணத்தை (விலையுயர்ந்த மீனுக்குச் செலவிட்டுவிடாமல்!) வறியவருக்குக் கொடுங்கள். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முன் ஒப்புரவு அருட்சாதனமும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்) பெறுங்கள்.